விதைக்கு வைட்டமின் ஊட்டிய ஒரு போகம்

விதை நனைத்துக் கொடுக்கிற வேலையில் விதையால் ஒரு தொந்தரவும் கிடையாது. அது வாய் திறக்காது, அதைக் கொண்டுவருகிறவர்கள்தான் திறப்பார்கள்.

ரேஷன் கடையில் எடை போடுகிறவர்கள், மருந்துக் கடையில் நிற்கிறவர்கள், ஜவுளிக் கடையில் சேலை விரித்துப் போடுகிறவர்கள், நீங்களெல்லாம் இதைப் படித்தால் என்னோடு சேர்ந்து ஒரு பெருமூச்சு விடுவீர்கள். வடசேரிக்குப் போகிற சாலையில் எங்கள் மகளிர் குழுவுக்கு ஒரு தகரக் கொட்டகை உண்டு. ஒரு தொண்டு நிறுவனத்தார் அதில் தொட்டிகளையும் வைட்டமின் பொடியையும் கொண்டுவந்து இறக்கினார்கள். கடலையோ எள்ளோ போடுகிறவர்கள் விதையைக் கொண்டுவருவார்கள். பொடி கரைத்த தண்ணீரில் அதைச் சில மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்திக் கொடுக்க வேண்டும். முளைப்பு ஒன்றுபோல வரும், செடி வாட்டத்தைத் தாங்கும், காய் கூடும் என்று சொன்னார்கள். பிள்ளைகள் இரண்டும் வேலை கிடைத்து வெளியூர் போனபின் எனக்கென்று வந்த முதல் வேலை இது. தினமும் ஜெபித்துவிட்டுத்தான் கொட்டகையைத் திறப்பேன். ஒரு போகம் பார்ப்போம், விளைச்சல் கூடினால் தொட்டி இங்கேயே இருக்கும், இல்லையென்றால் எடுத்துக்கொண்டு போய்விடுவோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். தொட்டி போனால் நானும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

முதல் நோயாளி

முதலில் வந்தவர் செல்லையன். ஒரு தும்மல் வந்தாலும் பஸ் ஏறி நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிற மனிதர். விதைக்கடலையை மேசைமேல் வைத்துவிட்டு, டாக்டர் முன்னால் உட்காருகிற மாதிரி என் எதிரே உட்கார்ந்தார். நான் பொடியைக் காட்டினேன், தொட்டியைக் காட்டினேன், எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பத்தியம் உண்டா என்று விசாரித்தார். உரம் போட்டால் இந்த மருந்துக்கு ஒத்துக்கொள்ளுமா என்றார். அதற்கும் பதில் சொன்னேன். கடைசியில் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கே மாத்திரை, பொடி ஒண்ணும் கேக்காது. இந்தக் கடலைக்கு எப்படிக் கேக்கும்? ஊசி உண்டும்னா போடுங்க, இல்லேன்னா நான் போறேன்."

துபாய் டப்பா

மேரி தங்கம் கொட்டகைக்கு வரவில்லை. வரவேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. மகன் துபாயிலிருந்து அனுப்பிய வைட்டமின் டப்பா வீட்டில் இருக்கும்போது, ஊர்க் கொட்டகைப் பொடியைத் தேடி யார் வருவார்கள்? தண்ணீரில் போட்டால் நுரை பொங்கி ஆரஞ்சு நிறமாகிற மாத்திரை அது. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு வாளியில் அதைக் கரைத்து எள்ளைப் போட்டிருக்கிறாள். ஞாயிறு ஆராதனை முடிந்தது; அப்படியே மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாணம், அங்கிருந்து தங்கச்சி வீட்டில் ஒரு இராத்தங்கல். திங்கள்கிழமை திரும்பி வந்து வாளியைத் திறந்தபோது வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாராம்.

வாளியோடு என்னிடம் வந்தாள். அவ்வளவு நேரம் ஊறினால் எந்த எள்ளும் அழுகத்தான் செய்யும் என்று மெதுவாகச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

"துபாய் மருந்து கெட்டுப்போகாது, பாத்துக்கிடுங்க மைனி. கெட்டது நம்ம ஊரு எள்ளு."

மிச்சத் தண்ணீர்

ஒரு மாமியார் வந்தார். பெயர் வேண்டாம்; கோயிலில் எனக்கு முந்தின பெஞ்சில் உட்காருகிறவர். மருமகள் மாசமாக இருக்கிறாள். சத்துக் குறைவு, மாத்திரை வாங்கிக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றுக்கும் மாத்திரை வேண்டியிருக்கிறது என்று விதை ஊறி முடிகிறவரை அம்மையார் அங்கலாய்த்துக்கொண்டிருந்தார். விதையை வடித்து எடுத்தேன். தொட்டியில் மிஞ்சிய தண்ணீரை அவர் எட்டிப் பார்த்தார். பையிலிருந்து ஒரு காலி பாட்டிலை எடுத்தார். ஆடு மாடுக்காக இருக்கும் என்று நினைத்தேன்.

"வித்துக்குப் புதுசு குடுத்தாச்சுல்லா. அவளுக்கு இந்த மிச்சம் போதும்."

அன்றைக்கு என் கை தவறித் தொட்டி சாய்ந்துவிட்டது. தண்ணீரெல்லாம் பக்கத்து வாழையின் அடிமூட்டுக்குப் போயிற்று. ஆண்டவர் சில நேரம் நம் கையைத் தவறச் செய்வார். அதற்கு அந்த அம்மையார் சொன்னது: "ஒரு சாமானத்த நிதானமா பிடிக்கத் தெரியாத ஆளையெல்லாம் வேலைக்கு வச்சிருக்காவ."

கயிற்றுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

தொண்டு நிறுவனத்து சார் சின்ன வயசுக்காரர், நல்ல பிள்ளை. வயலுக்கு வரும்போது மட்டும் வெள்ளைக் காலணி போட்டுக்கொண்டு வருவார். ஊருக்குள் ஒரு பரீட்சை வயல் வேண்டும் என்றார். பாதியில் நனைத்த விதை, பாதியில் நனைக்காத விதை. பறிக்கும்போது இரண்டையும் தனித்தனியே எடை போடுவோம், அந்த எடையை வைத்துத்தான் தொட்டி இருப்பதா போவதா என்று முடிவு செய்வோம் என்றார்.

எங்கள் சபைக் கமிட்டியில் இருக்கிற பொன்னையன் அண்ணனிடம் கேட்டேன். அவர் இரண்டு நாள் ஜெபித்து, ஒத்துக்கொண்டார். அவர் வயலுக்கு நடுவில் கயிறு கட்டிக் கடலை விதை போட்டோம். சார் எங்களைக் கையில் விதையோடு நிறுத்திப் படம் எடுத்தார். விதை தெரியவில்லை, கையை உயர்த்துங்கள் என்றார். உயர்த்தினால் முகம் மறைந்தது. எது முக்கியம் என்று அவருக்கே பிடிபடாமல் பல படம் எடுத்தார். அவர் போனபிறகு பொன்னையன் அண்ணன் கயிற்றை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"நனைச்ச பக்கம் நல்லா வந்தா ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் தங்கச்சி. வரலேன்னா நீ பொறுப்பு."

எடை

நல்லாத்தான் வந்தது. மழை இடையில் ஏமாற்றியபோது கயிற்றுக்கு அந்தப் பக்கம் இலை சுருண்டது, இந்தப் பக்கம் பச்சை மாறவில்லை. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தால் காய் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. வழியில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். திங்கள்கிழமை எடை போட வருகிறேன் என்று சார் சொல்லி அனுப்பினார். தொட்டி இனி எங்கும் போகாது என்று நான் முழங்காலில் நின்று நன்றி சொன்னேன்.

முந்தின ஞாயிறு எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. அவரவர் விளைச்சலில் நல்லதைக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். நான் கோயிலுக்குள் காலெடுத்து வைத்தேன். வாசல் வளைவு முழுக்கக் கடலைச் செடி. பீடத்துக்கு இரண்டு பக்கமும் கடலைச் செடி. காயைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு முதல் பாட்டு முழுவதும் நான் வாயை மட்டும்தான் அசைத்தேன். வெளியே வந்ததும் பொன்னையன் அண்ணனைப் பிடித்து, நாளைக்கு எடை போடவேண்டிய பக்கத்தை இப்படிப் பிடுங்கிவிட்டீர்களே என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஏதோ பெரிய பாவம் செய்தவள்.

"அப்போ, ஆண்டவருக்கு வாடின பக்கத்துலேருந்து பிடுங்கிக் குடுக்கச் சொல்லுதியா?"

பண்டிகைக்கு விருந்தாளியாகச் சாரையும் அழைத்திருந்தார்கள். ஏலத்தில் உற்சாகமாகக் கூவி இரண்டு பெரிய கட்டு கடலைச் செடியை எடுத்து, பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு போனார். ஓடிப்போய்ச் சொல்வதற்குள் தெரு திரும்பிவிட்டார்.

திங்கள்கிழமை தராசோடு வந்தார். நனைத்த பக்கத்தில் ஓரமாக நின்ற நோஞ்சான் செடிகள் கொஞ்சம். நனைக்காத பக்கத்தில் பாத்தி நிறைய. எடை போட்டார், எழுதினார், வருத்தத்தோடு தலையை ஆட்டினார். பலன் இல்லை அம்மா, தொட்டியை எடுக்க வண்டி வரும் என்றார். பிறகு பேனாவை மூடிக்கொண்டே, நேற்று ஏலத்தில் எடுத்த கடலையை அவித்தோம், வீட்டில் எல்லாருக்கும் ரொம்பப் பிடித்தது, அது யார் வயல் என்று கேட்டார். நான் அவர் வெள்ளைக் காலணிக்குக் கீழே காலியாகக் கிடந்த மண்ணைக் காட்டினேன். மூடிய பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். நீங்கள் தின்றது இந்த நனைத்த பக்கம்தான், இன்னொரு போகம் கேட்டு எழுதுங்கள் சார் என்று கெஞ்சினேன்.

"நீங்க சொல்றது ருசி அம்மா. என் தாளில எடைக்கு மட்டும்தான் கட்டம் இருக்கு."

நல்ல விளைச்சலை ஆண்டவர் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வார், ஆனால் திட்டத்து சாரின் தாளில் சாட்சிக் கையெழுத்துப் போட இறங்கி வரமாட்டார் என்பதுதான் ஒரு போகம் முழுக்க வைட்டமின் கரைத்து நான் படித்த விவசாயம்.