இடப்பக்கத்து நட்டு

தோட்டப் பிரிவில் அவளுக்குக் கத்திரி என்று பெயர். பதினாறு வருஷம் வேலிச்செடி வெட்டிய கை. வாய் அதைவிடக் கூர்மை. அவள் புருஷனுக்கு மலை என்று பெயர். நூற்றுப் பத்துக் கிலோ. விளையாட்டு மைதானத்தின் புல்வெட்டி வண்டியில் அவர் ஏறி உட்கார்ந்தால், வண்டி ஒரு முனகல் விட்டுத்தான் கிளம்பும். போன மழைக்காலத்தில் ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

வண்டியைத் தானே ஓட்டுவதாகக் கத்திரி போய்க் கேட்டாள். "ஒரு மாசம் பாக்கலாம்" என்றார் மைதான மேனேஜர்.

நூல் பிடித்த மாதிரிதான் ஓட்டினாள். ஆனாலும் வெட்டின புல் படிக்கட்டாக நின்றது. ஒவ்வொரு வரிசையிலும் வலது ஓரம் ஒட்ட வெட்டு, இடது ஓரம் தாடி.

"பந்து உருண்டா மாடிப்படி எறங்குற மாதிரி இருக்கு" என்றார் மேனேஜர். "சனிக்கிழமை மேட்ச். வெள்ளி சாயங்காலம் வருவேன். அப்பவும் இப்படியே இருந்தா வண்டியை வெளியாள்கிட்ட குடுத்துடுவேன். நீங்க பழையபடி வேலிச்செடிக்கே போயிடுங்க."

வேலிச்செடிக்குத் திரும்புவதில் வெட்கம் ஒன்றுமில்லை. அந்த சீட்டில் வேறொருவர் உட்காருவதைத்தான் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வியாழக்கிழமை மதியம் கொட்டகையில் கொழுந்தனைப் பிடித்து உட்காரவைத்தாள். அவன் அங்கேயே ஃபிட்டர்.

"டெக்கைக் கழுவிப் பாத்துடலாம் அண்ணி. அண்ணன் மாசம் ஒரு தரம் கழுவுவாரு."

"வீட்ல ஒரு டம்ளர் கழுவினதில்ல."

சாவியை எடுத்து, பிளக் ஒயரைக் கழற்றி, ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் முட்டுக் கொடுத்தார்கள். வண்டியின் வயிற்றுக்குக் கீழே மூன்று பிளேடுகளை மூடிக்கொண்டு தொங்கும் இரும்புத் தட்டுதான் டெக். உள்ளே காய்ந்த புல் அப்பளமாக ஒட்டியிருந்தது. சுரண்டி எடுத்தார்கள். பிளேடுகளைக் கழற்றி அரத்தால் ராவி, ஒவ்வொன்றையும் நடு ஓட்டையால் ஆணியில் மாட்டி, எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கிறதா என்று பார்த்து, திரும்ப முடுக்கினார்கள். வண்டியை இறக்கி, டயர்களில் காற்றையும் பார்த்தார்கள். எல்லாம் சமம்.

அப்புறம் பிளேடு நுனிக்கும் தரைக்கும் நடுவே ஸ்கேல் வைத்தான் கொழுந்தன். வலதை விட இடது ஒரு விரல் கனம் உயரம்.

"இருக்காது. அண்ணன் கோணலா வைக்கிற ஆளே இல்ல."

"வைக்கிறதுல கோணல் இல்ல. உக்கார்றதுல?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே புரிந்தது. வலது இடுப்பில் வலி என்று அவர் வருஷக்கணக்காக இடது பக்கம் சாய்ந்துதான் உட்கார்ந்தார். சோபாவிலும் அப்படித்தான், அவளுக்கு மிச்சமாவது ஒரு சாண் இடம். வண்டி சீட்டிலும் இடது பக்கம் பள்ளம். அதில் துண்டை மடித்துப் போட்டுத்தான் அவள் உட்கார்ந்து ஓட்டினாள். அத்தனை கனமும் ஒரே பக்கம் இறங்கினால் வண்டி சாயும், டெக்கும் சாயும். அதனால் இடது பக்கத்தை முன்கூட்டியே தூக்கி வைத்திருக்கிறார் மனுஷர். அவர் உட்கார்ந்தால் சமம்.

டெக்கைத் தாங்கும் இடப்பக்கத்துக் கம்பியில், அந்தப் பக்கத்தை ஏற்றி இறக்கும் நட்டைத் துணியால் துடைத்தாள். நட்டிலிருந்து அது உட்கார்ந்திருக்கும் இரும்புப் பட்டை வரை ஒரு சிவப்புக் கோடு.

"நகராம இருக்கான்னு பாக்க வைக்கிற அடையாளம்" என்றான் கொழுந்தன். "பெயிண்ட் மாதிரி இல்லையே."

"பெயிண்ட் இல்ல. என் நெயில் பாலிஷ்."

எட்டு வருஷத்துக்கு முன்னால் காணாமல் போன பாட்டில். எலி தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று அவர் முகம் மாறாமல் சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் எது தொலைந்தாலும் பழி எலி தலையில்தான் விழும்.

"எலிக்கு நூத்திப் பத்துக் கிலோ" என்றாள். சிரித்தாள்.

கொழுந்தன் ஸ்பேனரை நீட்டினான். "திருப்பினா அண்ணன் வச்ச கணக்கு போயிடும் அண்ணி."

"தெரியும். நான் சீட்ல ஏறி உக்கார்றேன். நீ அள."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவன் குனிந்து அளந்து சொன்னான். இறங்கி வந்து நட்டை அவளே திருப்பினாள். சிவப்புக் கோடு மெல்லப் பிளந்து, பாதி நட்டோடு போயிற்று, பாதி பட்டையில் நின்றது. ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, நாலாவது தடவை இரண்டு பக்கமும் ஒன்றாக வந்தது.

வெள்ளி காலையில் மைதானம் முழுக்க ஓட்டி முடித்தாள். சாயங்காலம் மேனேஜர் கோல் கம்பத்தடியில் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அந்தக் கோடி வரை ஒரே மட்டம்.

"சரி. காலைல கோடு போட ஆறு மணிக்கு ஆள் வருவாங்க. அதுக்குள்ள இன்னொரு தரம் ஓட்டிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொட்டகையில் கொழுந்தன் கேட்டான், "அடையாளம் வைக்க பெயிண்ட் எடுத்துட்டு வரட்டுமா?"

"வேணாம். எலி வளையில பாட்டில் கெடைச்சுது." அவருடைய டூல் பாக்ஸின் அடியில் கந்தைக்குள் சுருட்டியிருந்தது. நாலு சொட்டு தின்னர் விட்டுக் குலுக்கி வைத்திருந்தாள். நட்டின் புது இடத்தில் ஒரு கோடு இழுத்தாள். பழையதைத் துடைக்கவில்லை.

"ரெண்டு அடையாளம் இருந்தா அடுத்து ஓட்டுறவங்க குழம்பிடுவாங்க அண்ணி."

"அடுத்து ஓட்டுறது யாரு? காலைல அஞ்சு மணிக்கு நான்தான்."