காப்பி எடுக்கப் போகும் நேரம்

ஏற்காட்டில் செடிப் பைத்தியங்கள் சிலர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் விட்ட பிறகு, யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். செடிகளைப் பார்ப்போம், பொறாமைப்படுவோம், காப்பி குடித்துவிட்டுக் கலைவோம்.

கேட்டு வாங்கின செடியைவிடத் திருடி வைத்த செடிதான் தழைக்கும் என்பது ஊரறிந்த விஷயம். அதற்கென்று எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்காரர் காப்பி எடுக்க உள்ளே போவார். போனவர் சட்டென்று திரும்ப மாட்டார். அந்த நேரத்தில் வேண்டியவர்கள் வேண்டியதைக் கிள்ளிக்கொள்ளலாம். வரும்போது டம்ளர்களை மோதிச் சத்தம் கொடுத்துக்கொண்டே வருவார். யாரும் எதையும் பார்த்ததில்லை, யாரும் நன்றி சொன்னதும் இல்லை.

குழுவில் நாங்கள் சார் என்று கூப்பிடும் ஒருவர் வீட்டில் மட்டும் காப்பியைச் சமையல்காரம்மா கொண்டுவருவார். எஸ்டேட் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற சார், தொட்டிகளின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவரிடம் வெள்ளி இலை பிகோனியா ஒன்று இருந்தது. "இந்த மலையிலயே என்கிட்ட மட்டும்தானுங்க இருக்குது" என்பார். என் ரோஜாவைப் புதர் என்றவரும் அவரே. எனக்கு அவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாக வேறு இருந்து தொலைத்தது.

என் சிநேகிதி மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். எல்லோருக்கும் அவர் சிஸ்டர். ஓய்வு பெற்றுச் சேலத்திலிருந்து மலையேறி வந்த எனக்கு இங்கே பேச்சுத்துணை அவர் ஒருவர்தான். ஒருமுறை சார் வீட்டுக் கூட்டத்துக்குத் தன் வாடிய பிகோனியாவைத் தூக்கிக்கொண்டு வந்தார், என்ன செய்யலாம் என்று கேட்க.

சார் தொட்டியை வாங்கி எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார். "ஏனுங்க சிஸ்டர், உங்க கிட்ட வந்த நோயாளிங்க கதி என்னாச்சுன்னு இதப் பாத்தாலே தெரியுதுங்க."

இரண்டு பேர் சிரித்தார்கள். எல்லோரும் அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்ததால், நான் சாரின் வெள்ளி இலை ஒன்றைக் காம்போடு கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டேன்.

"இனி நா வரலீங்க. தொட்டியெல்லாம் நீங்களே எடுத்துக்கங்க" என்றார் சிஸ்டர், திரும்பும் பஸ்ஸில். நான் இலையை அவர் மடியில் வைத்தேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "காம்பு நசுங்கிருச்சுங்க" என்றார். நர்ஸ் புத்தி போகுமா? தயிர் டப்பாவில் மண் போட்டு இலையை நட்டு, தினமும் ரவுண்ட்ஸ் போனார். இலை வேர்விட்டுக் குட்டி போட்டது. ஆனால் கூட்டத்துக்கு மட்டும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தனியாகப் போய், தனியாகப் பொறாமைப்பட்டு வந்தேன். அவரில்லாமல் அது ஒன்றும் நன்றாக இல்லை.

ஐப்பசியில் விடாத மழை, விடாத மூடுபனி. சாரின் வெள்ளி பிகோனியா அழுகிப்போனது. குழுவின் வாட்ஸ்அப்பில், 'யாரிடமாவது உள்ளதா?' என்று கேட்டிருந்தார். யாரும் வாய் திறக்கவில்லை. அவரிடம் மட்டும்தானே இருந்தது?

நான் சிஸ்டரிடம் போய், அடுத்த கூட்டத்தை உங்கள் வீட்டில் வைக்கலாமா என்று கேட்டேன். எப்படியாவது அவரைத் திரும்ப இழுத்துவிட வேண்டும் எனக்கு.

"அந்தாளும் வருவாருங்களா?"

"வருவாருங்க."

"வரட்டுங்க" என்றார்.

அன்று வெள்ளி பிகோனியாவை வாசற்படியில், முதல் வரிசையில் வைத்திருந்தார். சார் அதைப் பார்த்தார். எங்கிருந்து வந்தது என்று கேட்க வாயெடுத்து, மூடிக்கொண்டார். சிஸ்டர் காப்பி எடுக்க உள்ளே போனார். நானும் உதவிக்குப் போனேன். காப்பி கலந்து ஆறியே போய்விட்டது. அவர் அசையவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். என் முகத்தைப் பிடித்து அடுப்பின் பக்கம் திருப்பிவிட்டார்.

டம்ளர்களை மோதவிட்டுக்கொண்டு வெளியே வந்தோம். செடியில் ஓர் இலை குறைந்திருந்தது. சாரின் வலது கை ஸ்வெட்டர் பாக்கெட்டுக்குள் இருந்தது. அதை வெளியே எடுக்காமல் இடது கையால் டம்ளரை வாங்கினார்.

"மண்ணுல மணல் பத்தாதுங்க சிஸ்டர்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சிஸ்டருக்கு வரவில்லை.

"சேத்துக்கறேனுங்க. அடுத்த கூட்டம் யாரு ஊட்லங்க?"

"எங்க ஊட்லதானுங்க."

"வர்றேனுங்க" என்றார் சிஸ்டர். "ஆனா காப்பிய நீங்களே உள்ள போயி எடுத்துட்டு வரோணுங்க. மெதுவா வந்தாப் போதும்."

சார் ஆறின காப்பியை ஒரே மூச்சில் குடித்தார். "சரிங்க" என்றார்.