முத்துமாரி எனக்குத் திருப்பிக் கொடுத்த நடை

1966 ஐப்பசியில் சோற்றுப் பானை கை நழுவி, கொதிக்கும் கஞ்சி என் வலது முழங்காலுக்குப் பின்னால் கொட்டியது. சேலை காலோடு ஒட்டிக்கொண்டது. புண் ஆறுவதற்குள் தை பிறந்துவிட்டது. ஆறிவிட்டதே என்று எல்லோரும் நிம்மதியானார்கள். எனக்குத்தான் நிம்மதி இல்லை. எழுந்து நின்றால் கால் நீளவில்லை. குதிகால் தரையில் படவில்லை. முன்பாதத்தை மட்டும் ஊன்றி, இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து இழுத்து இழுத்து நடந்தேன்.

அந்த நடை வந்த பிறகு வலியும் ஊர் சுற்ற ஆரம்பித்தது. முழங்காலில் இருந்தது இடுப்புக்கு வந்தது. அப்புறம் முதுகு. கடைசியில் சூடே படாத இடது காலும் வலித்தது. "உனக்கு எங்குட்டுத்தான் வலிக்குது?" என்று கேட்பார்கள். எங்கே வலிக்கவில்லை என்று கேட்டிருந்தால் சுலபமாகச் சொல்லியிருப்பேன். தெருக்குழாயடியில் "நொண்டி வாரா, வழி விடுங்கடி" என்று கேலி செய்தார்கள். கோபப்படக்கூடத் தெம்பில்லை. அவ்வளவு அலுத்துப் போயிருந்தேன்.

என் வீட்டுக்காரருக்குத் தச்சு வேலை. கண்டனூர், கானாடுகாத்தான் பெரிய வீடுகளில் கதவு, நிலை பழுது பார்க்க விடியுமுன் போய்விடுவார். வீட்டில் என்னைத் தாங்கியது மாமியார்தான். பெற்றவள்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள். அவருக்கும் பாரமாகிவிட்டோமே என்று நினைக்கும்போது சாகலாம் போல இருக்கும்.

1968 ஆடி வெள்ளி. முத்துமாரியம்மன் கோயிலைச் சுற்றி வர முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு அம்மனிடம் சண்டைதான் போட்டேன். "சுகம் குடு, சுகம் குடுன்னு கேட்டு வாய் ஓஞ்சு போச்சு தாயே. இனிமே கேக்க மாட்டேன். நான் என்ன செய்யணும்னு நீயே சொல்லு" என்று வாய்விட்டு அழுதேன்.

பக்கத்தில் இருந்த அம்மா ஒருத்தர் என் காலைப் பார்த்தார். அவர் முழங்கையிலும் பெரிய தீக்காயத் தழும்பு. "மதுரையில ஒரு டாக்டரம்மா இருக்காக, ஆத்தா. மடங்கிக் கிடந்த இந்தக் கைய அவுகதான் நீட்டி விட்டாக. போயிட்டு வாங்க" என்று இடத்தையும் சொன்னார். அவர் யாரென்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

மாமியார்தான் என்னை மதுரைக்குக் கூட்டிப் போனார். டாக்டரம்மா தழும்பை அழுத்திப் பார்த்தார். "புண்ணு எப்பவோ ஆறிடுச்சும்மா. மேல வந்த தழும்புதான் சுருங்கிக் காலை இழுத்துப் பிடிக்குது. அதனால சாஞ்சு நடக்குறீங்க. இடுப்பு வலி, முதுகு வலி எல்லாம் அந்த நடையால வர்றது. புண்ணு ஆறுறப்ப காலை எப்படி வச்சிருந்தீங்க?"

நான் பேசுவதற்குள் மாமியார் சொன்னார். "மடக்கி வச்சா வலிக்கலன்னு சொன்னா. நாந்தான் தலகாணிய அண்டக் குடுத்து அப்படியே வச்சிருந்தேன்." சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. அங்கேயே தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "உங்க மேல தப்பில்லம்மா, எல்லா வீட்லயும் இப்படித்தான் செய்யுறாங்க" என்று டாக்டரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

தினமும் எண்ணெய் போட்டுத் தழும்பைத் தேய்க்க வேண்டும், காலை நீட்டி அழுத்த வேண்டும், ராத்திரியில் பலகை வைத்துக் கட்ட வேண்டும் என்றார். வீட்டுக்காரர் பலகையை இழைத்துப் பழைய வேட்டியைச் சுற்றிக் கொடுத்தார். சுகம் கேட்டவளுக்கு அம்மன் கொடுத்தது இன்னும் கொஞ்சம் வலி. பல நாள் முடியாது என்று படுத்துவிட்டேன். என் முகம் சுளித்தால் தாங்காத அதே மாமியார்தான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே என் முழங்காலை அழுத்தினார்.

தழும்பு மெல்ல மெல்ல இளகியது. கால் முக்கால்வாசி நீண்டது. ஆனாலும் பழைய நடை போகவில்லை. குதிகாலை ஊன்றினால் தழும்பு பிய்ந்துவிடும் என்று உடம்புக்குப் பயம்.

1970 பங்குனியில் பால்குடம் எடுத்தேன். தலையில் குடத்தோடு சாய்ந்து நடக்க முடியுமா? பால் வழிந்து தோளிலிருந்து பாதம் வரை நனைந்தது. "கால ஊனு, தாயி. ஒண்ணும் ஆகாது" என்று மாமியார் கூடவே வந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு ஊன்றினேன். பிய்யவில்லை. அடுத்த அடியும் ஊன்றினேன். பாதிப் பாலோடு கோயிலுக்குள் போய்ச் சேர்ந்தேன்.

திரும்பிப் பார்த்தால் மாமியாரைக் காணோம். வாசலில் குனிந்து நின்றார். கல் தரையில் என் ஈரக் காலடி. "குதிகால் விழுந்திருக்கு பாருடா!" என்று கூட வந்திருந்த என் வீட்டுக்காரரிடம் கத்தினார். அந்த ஈரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் குடத்தோடு நின்று அழுதேன்.

எனக்கு வலி முழுக்கப் போகவில்லை. மழைக்காலத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஆனால் என் தண்ணீரை நானே சுமக்கிறேன், கோயிலை நானே சுற்றி வருகிறேன். அலுத்துப் போயிருக்கிறவர்களே, தாயிடம் போங்கள். சண்டை போடுங்கள், அழுங்கள். வலி தீரட்டும், அப்புறம் போகலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். நான் வலியோடுதான் போனேன்.