கழுத்தைப் பார்த்து எழுதிய அறிக்கை

12.9.2011 – தாலி, அரைப் பவுன் – ரூ. 10,850
4.2.2015 – அடகு மீட்டது – ரூ. 7,400
20.1.2018 – தாலிக் குண்டு இரண்டு – ரூ. 1,960
18.2.2021 – மெட்டி ஒரு ஜோடி – ரூ. 640

முதல் தொகை இசக்கியம்மாளின் தகப்பனார் கொடுத்தது. மற்ற மூன்றும் அவள் நாற்று நட்டும் வாழைத்தார் சுமந்தும் கொடுத்தவை. கணவன் செந்தூர்பாண்டியின் பங்கு ஒரே ஒரு முடிச்சு. மற்ற இரண்டையும் வழக்கப்படி அவன் அக்காள் போட்டாள். அந்தத் தாலியையே அடகு வைத்துத் தின்றவன், 2016 ஜூன் ஒன்பதாம் தேதி திசையன்விளைக்குப் போய் இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்தான். கல்யாணத்துக்கு அடையாளமாக அவன் உடம்பில் ஒரு நூல்கூடக் கிடையாது. ஆகவே அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை.

கைவிடப்பட்ட பெண்களுக்கான உதவித்தொகை கேட்டு 2022இல் அவளுக்கு மனு எழுதிக் கொடுத்தேன். விசாரிக்க வந்த வருவாய் ஆய்வாளர் திசையன்விளைக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டில் கேட்கவில்லை. அவள் கழுத்தைப் பார்த்தார், கால்விரலைப் பார்த்தார். 'தாலி, மெட்டி, குங்குமம் உள்ளன. கணவருடன் வாழ்கிறார்' என்று எழுதிவிட்டார். கோழித் திருட்டுக்குக்கூட இதைவிடக் கூடுதலாகச் சாட்சி கேட்பார்கள். மனு தள்ளுபடி. அடுத்த ஆண்டு மனுவுக்கும் அதே வரி, அதே முடிவு.

"அதக் கழட்டி வச்சிட்டு மனு குடுத்தா என்னம்மா?" என்று கேட்டேன்.

"வயக்காட்டுல வெறுங்கழுத்தோட நின்னா கண்டவனும் இளிக்குதான், அண்ணாச்சி. இது கெடந்தா, கேக்க ஒருத்தன் இருக்கான்னு பயப்படுதான். அவன் வரமாட்டான்னு எனக்குல்லா தெரியும்."

மூன்றாவது மனுவின் விசாரணை 2024 ஆகஸ்டு 23, வெள்ளிக்கிழமை, தாலுகா அலுவலகத்தில். நானும் கூடப் போயிருந்தேன். அதே ஆய்வாளர், அதே பார்வை.

"தாலியும் போட்டிருக்க, புருசன் விட்டுட்டான்னும் சொல்லுத. ரெண்டுல ஒண்ணு பொய்யில்லா?"

இசக்கியம்மாள் தாலியைக் கழற்றி அவர் கோப்பின்மேல் வைத்தாள்.

"பொய்ய எடுத்தாச்சுய்யா. எழுதுங்க."

ஆய்வாளர் எழுந்தே விட்டார். "ஏ, என்னம்மா செய்யுத! வெள்ளிக்கிழம அதுவுமா... எம் மவளுக்கு அடுத்த வாரம் கல்யாணம். எடு, எடுத்துப் போடு!"

"எழுதுங்க, போடுதேன்."

"போடு தாயி, உனக்குப் புண்ணியமாப் போவும்."

"கெட்டுனவன எங்க போய்த் தேட? நீங்க எழுதுங்க, நானே மாட்டிக்கிடுதேன்."

இரண்டு மனுக்களுக்கு அந்தத் தாலியைச் சாட்சியாக்கியவருக்கு, அது தன் மேசையில் நான்கு நிமிடம் கிடப்பது பொறுக்கவில்லை. கோப்பைப் பைய உருவினாரே தவிர, தாலிமேல் விரல் படாமல் பார்த்துக்கொண்டார். 'கணவரால் கைவிடப்பட்டவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் எழுத்துக்கூட்டி வாசித்துப் பார்த்த பிறகே தாலியை எடுத்தாள்.

செந்தூர்பாண்டியிடமிருந்து மறுப்பு எதுவும் வரவில்லை. மறுக்க அவளை நினைவிருக்க வேண்டுமே. மாதம் ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கான உத்தரவு, அந்த அலுவலகத்திலிருந்து அவளுக்கு வந்த மூன்றாவதும் கடைசியுமான கடிதம், வந்து சேர்ந்த நாள் 12.11.2024.