இடுக்கியின் வாயில் கறுப்புக் கோடுகள்

அந்தக் கடிகாரக்காரர், சின்னஞ்சிறு பற்சக்கரங்களை எடுக்கும் தம் இடுக்கியைத் தீட்டியபின் சோதிக்காமல் வேலையில் இறங்கியதில்லை. முனைகளை வலக்கண்ணருகே வைத்து, விளக்குக்கு எதிரே மெல்ல நெருக்குவார். நடுவே தெரியும் ஒளி மேலும் கீழும் ஒரே அளவாக மெலிந்தால் முனைகள் நேர். இடக்கண், பாவம், வேலை முடியும்வரை மூடியே கிடக்கும்.

புது மேசைவிளக்கு வந்த அன்று, அந்த ஒளிக்குள் மயிரிழைபோலக் கறுப்புக் கோடுகள் தெரிந்தன. பார்வை போன அவருடைய அண்ணனும் முதலில் அதைத்தான் சொன்னார்: "கண்ணுல கோடு கோடாத் தெரியுதுடா." இடைவெளியைக் குறுக்கினார், கோடுகள் ஒழியாமல் தடித்து விலகின. இடக்கண்ணால் பார்த்தார், கோடே இல்லை. அப்படியானால் நோய் வலக்கண்ணில்தான். சோறு போடும் கண்ணில்.

வீட்டில் மூச்சுவிடவில்லை. ஆனால், சாப்பிடும்போதும் விரல்களை நெருக்கி விளக்கைப் பார்ப்பவரை மனைவி சும்மா விடுவாளா?

"என்னங்க, விளக்கோட கண்ணாமூச்சி ஆடுறீங்களா?"

கோடுகளைப் பற்றியும் அண்ணனைப் பற்றியும் சொல்லி முடித்தார். அவளும் விரலிடுக்கால் பார்த்தாள்.

"அட, எனக்கும் தெரியுதே!"

"ஐயோ, உனக்குமா?"

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலைபார்க்கும் அவள் தம்பி, எதிரே உட்கார்ந்திருந்தவன், சிரித்துவிட்டான்.

"மாமா, அது கண்ணுல இல்ல. வெளிச்சம் அலை மாதிரி போகுது. குறுகலான சந்துல நுழைஞ்சா விரிஞ்சுடும். சில இடத்துல மேடும் பள்ளமும் சேர்ந்து ஒண்ணையொண்ணு அழிச்சுக்கும்; அங்கதான் இருட்டுக்கோடு. சந்து குறுகக் குறுக இன்னும் விரியும்."

"வெளிச்சம் துகள்னு நீதானேடா சொன்னே?"

"அதுதான் வேடிக்கை. துகளை ஒண்ணொண்ணா அனுப்பினாலும், புள்ளி புள்ளியா விழுந்து கடைசில அதே கோடுதான் வரும். நல்ல கண்ணு இருக்கிற யாருக்கும் தெரியும், மாமா."

போன உயிர் அவருக்குத் திரும்பி வந்தது.

"இதுக்கா இத்தனை நாளா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தீங்க?" என்றாள் மனைவி.

சிரிக்க வாய்திறந்தவர் பாதியில் நிறுத்தினார். விரல்களை மறுபடி உயர்த்தி, வலக்கண்ணை மூடினார். இடக்கண்ணில் ஒளி, தண்ணீர் பட்ட மைபோல ஒரே பூச்சாகக் கலங்கியிருந்தது.

"மச்சான், நல்ல கண்ணுன்னா ரெண்டுலயும் தெரியணும்ல?"

தம்பியின் சிரிப்பு அடங்கியது. "தெரியணும், மாமா."

மனைவி அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். "எழுந்திரிங்க. கண் ஆஸ்பத்திரி இன்னும் மூடியிருக்காது."

அவர் எழுந்தார். வாசற்படியில் கால் தயங்கியது.

"நீ இந்தப் பக்கம் வா" என்று அவளைத் தம் இடப்பக்கத்துக்கு அழைத்துக்கொண்டார்.