முதுகில் பட்ட பந்து

பாரிசின் லா சப்பலில் கடை, புறநகர் கூசேன்வில்லில் வீடு, மூன்று பிள்ளைகளின் படிப்பு, கடைசிப் பிரிவில் என்றாலும் பதினொரு வருடம் பேஸ்போல். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன் இவ்வளவும் செய்தான் என்றால் நம்பமாட்டார்கள். செய்தவன் நான்தான். "ஞாயிறு முழுக்க நீங்கள் மைதானத்தில் கிடந்தீர்கள், கடையைப் பார்த்தது நான்" என்று மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். அதுவும் உண்மைதான்.

ஊரில் நாங்கள் எல்லே விளையாடுவோம். தடியால் பந்தை அடித்துவிட்டு ஓடவேண்டும். ஓடுகிறவன்மேல் பந்தை எறிந்து பட்டால் அவன் அவுட். அப்பா அதில் சூரன். பாரிசுக்கு வந்து, இங்கே ஸ்டாலின்கிராட் பகுதியில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிய நாட்களிலும், வாய்க்கால் கரையில் என்னை ஓடவிட்டு எறியப் பழக்குவார். எனக்குப் பன்னிரண்டு வயதானபோது, பேஸ்போல் அணிக்குப் பெடியளை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கூட்டிக்கொண்டு போனவரும் அவர்தான்.

"இதுவும் எங்கடை எல்லேதான். பயப்பிடாதை."

முதல் ஆட்டத்தில் சரியாக ஆடினால்தான் அணியில் இடம். பயிற்சியாளரின் பிரெஞ்சு எனக்குப் பாதிதான் விளங்கும். கடைசி நேரம், எதிரணிப் பெடியன் ஓடுகிறான், பந்து என் கையில். பேஸ்போலில் பந்தோடு போய் அவனைத் தொட்டிருக்கவேண்டும். நான் எறிந்தேன். நடு முதுகு. விழுந்தவன் எழும்பி ஓடி முடித்தான், நாங்கள் தோற்றோம்.

கரையில் ஒரே ஒரு குரல்.

"அவுட்! அவுட்! என்ரை ராசா!"

மத்தியான வேலைக்கும் பின்னேர வேலைக்கும் இடையில், ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்திருந்த அப்பா துள்ளித் துள்ளிக் கைதட்டினார். பெடியள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"யாரது? உன் அப்பாவா?" என்றார் பயிற்சியாளர்.

"தெரியாது, மிசியே." தலையையும் ஆட்டினேன். பிரெஞ்சில்தானே சொன்னேன், அப்பாவுக்கு விளங்காது என்று நினைத்தேன்.

தோற்றாலும், கை பலம் என்று பயிற்சியாளர் இடம் கொடுத்தார். திரும்பும் ரயிலில் அப்பா சொன்னார்: "இனி வேலை கூட, மோனை. நீயே போய் வா." பிறகு ஓர் ஆட்டத்துக்கும் அவர் வரவில்லை. வேலை கூடிவிட்டது என்றுதான் நானும் நம்பினேன். ஆட்டின தலைக்கு மொழி தேவையில்லை என்பது அந்த வயதில் தெரியவில்லை.

இப்போது கிளப் சுவரில் பழைய ஆட்டக்காரர்களின் படங்களை மாட்டப்போகிறார்களாம். என் பெயர் பெரிய எழுத்தில் வேண்டும்; அந்தக் கை என்னுடையது. அதற்குக் கீழே, எறியப் பழக்கியவர் என்று அப்பாவின் பெயரையும் போடவேண்டும். யாரது என்று யாராவது கேட்கட்டும். இந்தமுறை நான் சொல்கிறேன்.