கல்யாணத்துக்குச் சாவுக்கொட்டு அடிச்ச படம்

இன்னைக்கு சேந்தமங்கலம் சந்தையில யாரைப் பாத்தேன் தெரியுங்களா? பெருமாயி அக்காவை! கொல்லிமலையில தேவனூர் நாட்டுக்காரங்க. மிளகைச் சுமந்துட்டு மலையிறங்கி வருவாங்க, வித்த கையோட டாக்கிக் கொட்டாய்க்குப் போயிருவாங்க. யுத்தம் முடிஞ்சு இங்க கொட்டாய் போட்டதுலருந்து ஒரு படம் விட்டதில்லீங்க.

அவங்களாட்டம் படத்தைப் பத்திப் பேச ஆளே இல்ல. சாமிப் படத்துல முருகன் மலை உச்சியில நிக்கறாராம், ஒரு பொட்டு வேர்வை இல்லியாம். ஏறி வந்த ஆளாட்டமே தெரியலைன்னாங்க. குடும்பப் படத்துல மருமவ மூணு மணி நேரமும் அழுவறா, அடுப்பை யாரு பாத்தாங்கன்னு காட்டவே இல்லியாம். சண்டைப் படந்தான் புடிக்குமாம். அதுல யாரும் நின்னு புத்தி சொல்றதில்ல.

போன வாரம் பாத்தது காட்டுப் படம். அதுல பாருங்க, மலைக்காரங்கன்னா இடுப்புல எலை, தலையில எறகு, வாயில "ஹோய் ஹோய்". வேற பேச்சே கெடையாது. அங்க ஒரு கல்யாணம். எல்லாரும் ஆடறாங்க, ஆனா அடிக்கறது சாவுக்கொட்டு! அக்கா ஊர்ல அந்தக் கொட்டு கேட்டா உக்காந்திருக்கறவங்க எந்திரிச்சு நிக்கோணும். பழக்கத்துல எந்திரிச்சுட்டாங்க. பின்னாடி இருந்தவங்க மறைக்குதுன்னு கத்த, எழவு கொட்டறப்ப எப்படிங்க உக்கார்றதுன்னு இவங்க கேக்க, கொட்டாயே சிரிச்சிருக்குது.

படம் விட்டதும் மேனேஜர் கூப்பிட்டானாம். வர்ற சனிக்கெழமை மலையிலருந்து பத்துப் பேரு எலை கட்டிட்டு வந்து வாசல்ல ஆடோணுமாம், டிக்கெட்டு ஓசியாம். மாட்டேன்னா இனிமே அக்காவுக்கு உள்ள எடமில்லையாம். என்ன சொன்னீங்கன்னு கேட்டேன்.

"எலையில சோறு திங்கறோமுங்க, இடுப்புல கட்டறதில்லீங்கன்னு சொல்லிட்டேங் கண்ணு."

சொல்லிட்டு வந்துட்டாங்க. ஆனா படம் பாக்காம அவங்களால இருக்க முடியாது, மொகத்துலயே தெரியுது. அதனால சனிக்கெழமை சாயங்காலம் மலைப் பொம்பளைங்க பத்துப் பேரோட, நல்ல சேலையா கட்டிட்டு வந்து, டிக்கெட்டு வரிசையில நிக்கப் போறாங்க. உள்ள விடலைன்னா அங்கயேதான் நிப்பாங்களாம்.

அவங்களுக்குப் பின்னாடி நான் நிப்பேன். நீங்களும் வாங்க. வர முடியாதவங்க நாலு பேருத்துக்கு இதைப் படிச்சுக் காட்டுங்க. பெருமாயி அக்கா கைக்கு டிக்கெட்டு வர்ற வரைக்கும் நம்மள்ல ஒருத்தரும் வாங்க வேண்டாமுங்க.